சாவி யாருடையது?

"வேலையற்ற பையன்கள் போனை நோண்டிக்கொண்டிருக்கிறார்கள்" என்று படித்த மனிதர் யாராவது சொன்னால், அவரோடு சண்டைக்குப் போவதென்று தீர்மானித்திருக்கிறேன். இந்தக் கட்டுரையே அந்தச் சண்டைதான்.

திருப்பூரிலிருந்து பல்லடம் போகும் சாலையில் இருக்கிறது அருள்புரம். பனியன் கம்பெனிகளின் ஊர். ஞாயிற்றுக்கிழமை மாலை, அங்கே ஒரு பேக்கரி வாசலில் இந்தப் பையன்களைப் பார்க்கலாம். ஒருவன் செக்கிங், ஒருவன் கட்டிங், இன்னொருவன் ஓவர்லாக் மெஷின் மெக்கானிக். வேலையற்றவன் ஒருவன்கூட இல்லை என்பதை மேற்படி படித்த மனிதர் கவனிக்க வேண்டும். பழைய போனில் கம்பெனி போட்டனுப்பிய மென்பொருளை எடுத்துவிட்டு வேறொன்றைப் போடுவது இவர்களுடைய பொழுதுபோக்கு. அதில் பிசகினால் போன் உயிரற்றுக் கிடக்கும். அதற்குச் 'செங்கல்' என்று பெயர்.

"அண்ணா, என்ற போனு செங்கல்லாயிருச்சுங்."

"இன்னும் நாலு கொண்டா கண்ணு, செவுரு கட்டீரலாம்."

கேலி செய்தவனே மறு நிமிஷம் அந்தப் போனை வாங்கி, எந்தப் பொத்தானோடு எதைச் சேர்த்து அழுத்தினால் முழிக்கும் என்று பார்ப்பான். காசு கிடையாது, டீ வாங்கிக் கொடுத்தால் உண்டு. ஒருநாள் ஒடிசாவிலிருந்து வந்த தொழிலாளி ஒருவர் போனோடு வந்தார். திரை தெரிகிறது, தொட்டால் அசையவில்லை. உள்ளே குழந்தையின் படங்கள். ஒரு பையன் சிறு கேபிள் ஒன்றைச் செருகி, ஆபீஸ் கம்ப்யூட்டரின் பழைய மவுஸை அதில் மாட்டினான். அம்புக்குறி திரையில் ஓடிற்று. படங்கள் பிழைத்தன. "எலியப் புடிச்சு போனுக்குள்ள வுட்டுட்டான்" என்று சிரித்தார்கள். அந்தத் தொழிலாளிக்குத் தமிழ் நகைச்சுவை புரியவில்லை, ஆனாலும் சிரித்தார்.

இந்த ஊரில் ஜப்பான் தையல் மெஷின் பழுதானால் மெக்கானிக் அதைத் திறப்பான். தேய்ந்ததை மாற்றுவான். "யாரைக் கேட்டுத் திறந்தாய்?" என்று எவனும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் திருப்பூரில் ஒரு பனியன் உருவாகியிருக்காது. போனுக்கு மட்டும் வேறு நியாயமாம். மின்சாரம் பாய்ந்ததும் முதலில் கண் விழிக்கிற சிறு நிரல் ஒன்று, பூட்லோடர் என்பார்கள், உள்ளே வருகிற மென்பொருளில் கம்பெனியின் முத்திரை இருக்கிறதா என்று பார்க்கிறது. இல்லையேல் கதவடைப்பு. ஹுவாவே கம்பெனி 2018-இல் அந்தப் பூட்டுக்கான குறியீட்டைத் தருவதையே நிறுத்திக்கொண்டது. வேறு சிலர் விண்ணப்பம் போட்டுவிட்டு நாள் கணக்கில் காத்திருக்கச் சொல்கிறார்கள். நம் பணத்தில் வாங்கிய வீட்டுக்குள் போக, விற்றவனிடம் மனுப் போடுவது!

இதில் ஒரு வேடிக்கை உண்டு. ஆண்ட்ராய்டின் அடிவயிற்றில் இருப்பது லினக்ஸ். 1991-இல் பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற மாணவர் தொடங்கி, உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் கைகொடுத்து வளர்த்த திறந்த நிரல். ஊரார் வெட்டிய கிணற்றுக்கு இவர்கள் மூடி போட்டுப் பூட்டியிருக்கிறார்கள். சயனோஜென்மாட் என்ற மாற்று மென்பொருள் 2016 டிசம்பரில் மூடப்பட்டபோது, அதை லீனியேஜ் என்ற பெயரில் எடுத்து நடத்தியவர்களும் தொண்டர்கள்தாம். கம்பெனிகள் கைவிட்ட எத்தனையோ போன்கள் அவர்களால் மூச்சு விடுகின்றன.

"பூட்டு இல்லாவிட்டால் திருடனுக்கு வசதி" என்பார்கள். வாஸ்தவம், பூட்டு வேண்டும். வீட்டுக்காரனிடம் சாவி இருக்கக்கூடாது என்பதுதான் எனக்குப் புரியவில்லை. கூகிளின் பிக்ஸல் போனில் உரிமையாளர் பூட்டைத் திறந்து, வேறு மென்பொருள் போட்டு, தன் சாவியாலேயே மறுபடி பூட்டலாம். திறக்கும்போது உள்ளிருப்பதெல்லாம் அழிந்துவிடுவதால் திருடனுக்குப் படமும் கிடைக்காது, கணக்கும் கிடைக்காது. ஆக, முடியாத காரியமில்லை, மனமில்லை.

ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் புது விதி. ஒரு மாடலின் விற்பனை நின்ற பிறகும் ஐந்து வருஷமாவது மென்பொருள் புதுப்பிப்பு தரவேண்டும்; உதிரி பாகம் ஏழு வருஷம் கிடைக்கவேண்டும். நம் மத்திய சர்க்கார் 2022 ஜூலையில் பழுதுபார்க்கும் உரிமைக்கென்று ஒரு குழு அமைத்தது. அவ்வருஷம் டிசம்பரில் ஒரு இணையதளமும் திறந்தது. நல்லது. ஆனால் சர்வீஸ் சென்டர் விலாசம் தெரிந்துகொண்டு அருள்புரத்துத் தொழிலாளி என்ன செய்வார்? அவருடைய போனுக்குப் புதுப்பிப்பு நின்று போயிருந்தால் சென்டர்காரர் சொல்வது ஒரே வைத்தியம்: புதுசு வாங்குங்கள். அதற்கு எத்தனை சனிக்கிழமைச் சம்பளம் வேண்டும் என்று அவர் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பார்.

நான் கேட்பது பெரிய புரட்சியல்ல. ஒரு போனுக்குப் புதுப்பிப்பு தருவதைக் கம்பெனி எந்தத் தேதியில் நிறுத்துகிறதோ, அதே தேதியில் சாவியை வாங்கியவரிடம் ஒப்படைத்துவிட வேண்டும் என்று சட்டத்தில் ஒரு வரி எழுதட்டும். மிச்சத்தைப் பேக்கரி வாசலில் பார்த்துக்கொள்வார்கள்.