மாதம் 1,000 ரூபாயில் மாலை வகுப்பு: ஏழைப் பிள்ளைகளுக்கு போதுமா?

மயிலாடி:

கல்லில் சிலை வடிக்கும் ஊர் மயிலாடி. காலையில் உளி பிடிக்கும் அப்பா வீடு திரும்ப இருட்டிவிடும். நாலு மணிக்கு மேல் பள்ளி விட்டு வரும் பிள்ளையை உட்கார வைத்து பாடம் சொல்லித்தர வீட்டில் யார் இருக்கிறார்கள்? டியூஷன் என்றால் பீஸ் கட்ட வேண்டும்.

இந்த ஏழை வீடுகளுக்குத்தான் 'இல்லம் தேடிக் கல்வி' கைகொடுத்தது. கொரோனாவால் 1 முதல் 8-ம் வகுப்பு வரையிலான பிள்ளைகள் ஒன்றரை வருடத்துக்கும் மேல் பள்ளிக்கூடம் போகவில்லை. மறந்த பாடத்தை மீட்க 2021 அக்டோபரில் தமிழக அரசு இதைத் தொடங்கியது. சாயங்காலம் 5 மணி முதல் 7 மணிக்குள் வகுப்பு. 20 பிள்ளைகளுக்கு ஒரு தன்னார்வலர். சம்பளம் கிடையாது, ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய்.

ஒதுக்கிய பணம் 200 கோடி. பெரிய தொகைதான். ஆனால் கணக்கு போட்டுப் பாருங்கள். 2022-ல் தன்னார்வலர்கள் சுமார் 2 லட்சம் பேர். ஊக்கத்தொகை மட்டுமே மாதம் 20 கோடி. பத்தே மாதத்தில் 200 கோடியும் காலி! அப்புறம் விளக்கு, பாய், நோட்டுக்கு எங்கே போவது?

தன்னார்வலர் வாரம் 6 மணி நேரமாவது ஒதுக்க வேண்டும். மணிக்கு 40 ரூபாய்தான் தேறும். ஜவுளிக்கடையில் வேலை கிடைத்தால் பாடம் சொல்லித்தந்த அக்கா போய்விடுவார். வகுப்பும் அதோடு நின்றுவிடும்.

மத்திய அரசு பணமும் இழுபறிதான். பி.எம்.ஸ்ரீ பள்ளி ஒப்பந்தத்தில் தமிழகம் கையெழுத்து போடாததால், 2024-25-ம் ஆண்டுக்கான சமக்ர சிக்ஷா நிதி சுமார் 2,152 கோடி நிறுத்தப்பட்டது. 2025 மே மாதம் தமிழக அரசு சுப்ரீம் கோர்ட்டு படியேறியது. அடிப்படைச் செலவுக்கே பணம் தட்டும்போது மாலை வகுப்பை யார் நினைப்பார்கள்?

2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழகத்திலேயே முதலிடம் குமரி மாவட்டத்துக்குத்தான். ஆனால் கையெழுத்து போடத் தெரிந்த அப்பாவால் 8-ம் வகுப்பு கணக்கைச் சொல்லித்தர முடியுமா?

அரசு தொடக்கப்பள்ளிகளில் மதியம் சத்துணவு இருக்கிறது. 2022-ல் காலைச் சாப்பாடும் வந்தது. சாயங்காலத்துக்கு ஒரு கைப்பிடி சுண்டல், ஒரு விளக்கு, நிலையான சம்பளத்தில் ஒரு டீச்சர். இதற்கு வருடா வருடம் தனி நிதி ஒதுக்கினால், பீஸ் கட்ட வழியில்லாத வீட்டுப் பிள்ளையும் தேறிவிடும்.