தாத்தாவின் துப்பாக்கி பூட்டவில்லையா? சுத்தியலை எடுக்காதீர்கள்!

சித்தூர், திருப்பதி வட்டாரத்தில் மூன்று, நான்கு தலைமுறைகளாக வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் சிலவற்றில், தாத்தா காலத்து இரட்டைக்குழல் துப்பாக்கி ஒன்று இன்றும் இருக்கிறது. மாந்தோப்புக்கும் கரும்புக் கொல்லைக்கும் காவலாக, முறைப்படி லைசென்ஸ் எடுத்து வாங்கியது. லைசென்ஸ் புத்தகத்தில் ‘டி.பி.பி.எல்.’ என்று குறித்திருப்பார்கள். இரண்டு குழல், பின்பக்கம் தோட்டா போடுவது என்று பொருள். பிள்ளைகள் பெங்களூருக்கும் கடல் கடந்தும் போய்விட்டார்கள். துப்பாக்கி மட்டும் பீரோவுக்குள் தூங்குகிறது.

தேர்தல் வந்தால் அதுவும் வெளியே வரும். காவல் நிலையத்திலோ லைசென்ஸ் பெற்ற ஆயுதக் கடையிலோ ஒப்படைக்கச் சொல்வது வழக்கம். ஆந்திரத்தில் 2024 மே 13 அன்று சட்டமன்றத்துக்கும் நாடாளுமன்றத்துக்கும் ஒரே நாளில் வாக்குப்பதிவு நடந்தது. இப்படி ஒப்படைத்த துப்பாக்கி திரும்பும்போது, சில வீடுகளில் ஒரு சிக்கலும் கூடவே வருகிறது. கழற்றி உறையில் போட்டுக் கொண்டுபோனது, வீட்டுக்கு வந்ததும் மறுபடி பூட்ட மறுக்கிறது. உடனே யாராவது ஒருவர் சுத்தியலைத் தேடுகிறார். அதைத் தடுக்கத்தான் இந்தக் கட்டுரை.

இத்தகைய துப்பாக்கி மூன்று துண்டாகப் பிரியும்: குழல்கள், அடிக்கட்டையோடு சேர்ந்த இயந்திரப் பகுதி, முன்கட்டை. பூட்டும்போது குழலின் கொக்கியைக் கீல் முள்ளில் மாட்டி, மேலே உள்ள நெம்பை வலப்பக்கம் தள்ளிக் குழலை மூடி, கடைசியில் முன்கட்டையைப் பொருத்த வேண்டும். எதையும் தொடுமுன் இரண்டு குழலிலும் தோட்டா இல்லை என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். ‘காலியாகத்தான் இருக்கும்’ என்ற நம்பிக்கை உதவாது.

முன்கட்டை ஏறவில்லை என்றால் முதலில் சந்தேகிக்க வேண்டியது குதிரைகளை. வெளியே குதிரை தெரியாத துப்பாக்கிகளில் பெரும்பாலானவை, 1875-ல் இங்கிலாந்தில் ஆன்சன், டீலி என்ற இருவர் காப்புரிமை பெற்ற அமைப்பைத் தழுவியவை. குழலைத் திறக்கும்போது முன்கட்டை இரண்டு சிறு நெம்புகளை அழுத்தும். அவை உள்ளேயுள்ள குதிரைகளை நிமிர்த்தும். குழல் கழன்றிருக்கும்போது யாராவது விளையாட்டாக விசையைத் தட்டினால் குதிரைகள் விழுந்துவிடும், நெம்புகள் இடம் மாறி நிற்கும். அதன்பின் பல துப்பாக்கிகளில் முன்கட்டை ஏறாது. உடைந்தது எதுவுமில்லை, நெம்புகளை ஒவ்வொன்றாக மரக்கட்டையில் வைத்து ‘டிக்’ என்ற ஓசை வரும்வரை அழுத்தினால் பழைய நிலைக்கு வரும். தோட்டாக் கூட்டைத் தானே வெளியே எறியும் வகையானால் முன்கட்டைக்குள் இன்னொரு ஜோடிக் குதிரைகள் உண்டு. அவை விழுந்திருந்தாலும் இதே தொல்லைதான்.

குழலே உட்காரவில்லை என்றால் மேல் நெம்பைப் பாருங்கள். அது நடுவுக்கு வந்திருந்தால் உள்ளே தாழ்ப்பாள் முன்னே வந்து வழியை மறித்திருக்கும். வலப்பக்கம் தள்ளிப் பிடித்தபடி மாட்ட வேண்டும். அடுத்த சந்தேகம் அழுக்கு. தேங்காய் எண்ணெய் தடவி வருடக்கணக்கில் வைத்தால் அது பிசினாகிக் கீலில் ஒட்டிக்கொள்ளும். மண்ணெண்ணெயில் துடைத்துவிட்டு மெல்லிய மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு விட்டால் போதும்.

இத்தனைக்கும் பிறகு பூட்டாவிட்டால், மூன்று துண்டிலும் பொறித்துள்ள எண்களை ஒப்பிடுங்கள். இரண்டு துப்பாக்கிகளின் உறுப்புகள் ஓரிடத்தில் கலந்திருக்கலாம். ரயில்வே பட்டறையில் நாங்கள் பழகியது வேறு உலகம். ஒரு பெட்டியின் பிரேக் கட்டையை எடுத்து அதே ரகத்து இன்னொரு பெட்டியில் மாட்டலாம். வரைபடமும் அளவுக் கருவியும் அதற்குப் பொறுப்பு. பழைய துப்பாக்கி அப்படியல்ல. விளக்குக் கரியைப் பூசி, குழலை மூடித் திறந்து, கரி எங்கே ஒட்டியதோ அங்கே மட்டும் அரத்தால் ராவி, ஒரு குழலை ஓர் இயந்திரத்துக்கென்றே பொருத்தியிருப்பார்கள். அந்தப் பொருத்தத்தின் இடைவெளி மயிரிழையிலும் குறைவு. ஒரே ஓர் அடி அதைக் கெடுத்துவிடும். கெட்ட பொருத்தத்தோடு சுட்டால் வெடிமருந்தின் அழுத்தம் சுடுபவரின் முகத்தருகே வழி தேடும். ஆகவே கையழுத்தத்துக்கு மேல் பலம் தேவைப்பட்டால், வேலையை அங்கேயே நிறுத்திவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

தெரிந்த லேத் பட்டறைக்கு எடுத்துப்போகலாமே என்பார்கள் சிலர். கூடாது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி துப்பாக்கி பழுது பார்க்கும் தொழிலுக்கே தனி லைசென்ஸ் வேண்டும். அதைப் பெற்ற கடைக்குத்தான் போக வேண்டும், உங்கள் லைசென்ஸையும் எடுத்துக்கொண்டு.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். லைசென்ஸ்தாரர் காலமாகிவிட்டால் ‘அப்பாவின் ஞாபகமாக இருக்கட்டும்’ என்று துப்பாக்கியைப் பீரோவில் விட்டுவைப்பது குற்றமாகிவிடும். தாமதமின்றிக் காவல் நிலையத்திலோ ஆயுதக் கடையிலோ ஒப்படைத்துவிட்டு, வாரிசு தன் பெயருக்கு விண்ணப்பிக்கலாம். 2016-ஆம் ஆண்டு விதிகளின்படி, லைசென்ஸ்தாரருக்கு 70 வயது நிறைந்தாலோ துப்பாக்கியை வைத்து 25 ஆண்டுகள் ஆனாலோ, உயிரோடு இருக்கும்போதே வாரிசுக்கு மாற்றவும் வழியுண்டு. 2019 திருத்தத்துக்குப் பின் ஒருவர் இரண்டு துப்பாக்கிகளுக்கு மேல் வைத்திருக்க முடியாது. லைசென்ஸின் காலம் மூன்று ஆண்டிலிருந்து ஐந்தாக உயர்ந்தது.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த விடுமுறைக்கு ஊருக்கு வரும்போது அப்பாவின் எதிரில் அந்தத் துப்பாக்கியை ஒருமுறை கழற்றிப் பூட்டக் கற்றுக்கொள்ளுங்கள். லைசென்ஸ் எந்தத் தேதியில் முடிகிறது என்றும் பாருங்கள். கற்க மனமில்லை, வைத்திருக்கவும் அவசியமில்லை என்றால், அப்பா இருக்கும்போதே சட்டப்படி விற்றுவிடவோ ஒப்படைத்துவிடவோ செய்யுங்கள். யாருக்கும் பூட்டத் தெரியாத துப்பாக்கியால் வீட்டுக்குக் காவல் இல்லை, ஆபத்துதான் உண்டு.