கணக்கிலும் ஜாதியா?

இப்பொழுதெல்லாம் ஒரு சர்க்காரோ, ஆஸ்பத்திரியோ, இன்ஷியூரன்ஸ் கம்பெனியோ ஜனங்களுக்குக் கொடுத்துவந்த ஒரு உதவியைக் குறைக்க வேண்டுமானால், முன்போல "எங்கள் இஷ்டம்" என்று சொல்லுவதில்லை. "கடவுள் சித்தம்" என்றுகூடச் சொல்லுவதில்லை. "கணக்கு அப்படிச் சொல்லுகிறது, நாங்கள் என்ன செய்ய?" என்று கையை விரித்துவிடுகிறார்கள். சர்வகலாசாலைப் பண்டிதர்கள் பல்லாயிரம் பேருடைய வயது, வியாதி, செலவு முதலிய விவரங்களைத் திரட்டி, அவற்றிலிருந்து ஒரு சூத்திரத்தை உண்டாக்கி, இன்னாருக்கு இவ்வளவு வைத்தியம், இன்னாருக்கு இத்தனை மணி நேர ஒத்தாசை என்று வகுத்துக் கொடுக்கிறார்கள். இதற்குக் கணித மாதிரி என்று பெயர். இதைப்பற்றி யாராவது ஒரு கேள்வி கேட்டால், "உமக்குக் கணிதம் தெரியுமா?" என்பதே பதிலாக வருகிறது. இந்தப் பதில் நமக்குப் புதிதல்ல. "உனக்கு வேதம் தெரியுமா?" என்று கேட்டு வாயடைத்தவர்களை நாம் வெகுகாலமாக அறிவோம்.

நாம் கணக்குக்கு விரோதிகளல்ல. பகுத்தறிவு வேண்டும் என்கின்றவன் கணக்கு வேண்டாம் என்று சொல்லமுடியாது. அம்மை வந்தால் தெய்வக் குற்றம் என்று உலகம் நடுங்கிக் கொண்டிருந்த காலத்தில், 1760-ல் டேனியல் பெர்னோலி என்கின்ற கணித அறிஞர், அம்மைச் சீழை எடுத்து உடம்பில் ஏற்றிக்கொள்ளும் முறையை எல்லாரும் கைக்கொண்டால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தார். பிறந்த குழந்தையின் சராசரி ஆயுள் 26 வருஷம் 7 மாதத்திலிருந்து 29 வருஷம் 9 மாதமாக உயரும் என்று காட்டினார். 1897-ல் செகந்திராபாத்தில் கொசுவின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்ட ரொனால்டு ராஸ் துரையை, "உலகத்துக் கொசுவையெல்லாம் உம்மால் கொன்றுவிட முடியுமா?" என்று பரிகாசம் செய்தார்கள். கொசு ஒரு அளவுக்குக் கீழே குறைந்தாலே போதும், வியாதி பரவ வழியில்லாமல் தானே ஓய்ந்துவிடும் என்பதை அவர் மோரீஷஸ் தீவைப்பற்றி 1908-ல் எழுதிய அறிக்கையிலும், 1911-ல் வந்த தமது புத்தகத்திலும் கணக்காலேயே காட்டினார். இப்பேர்ப்பட்ட கணக்கை யார் வேண்டாமென்பார்கள்?

ஆனால் இந்தக் கணக்குகள் ஒவ்வொன்றும் ஏதோ ஒரு அனுமானத்தின் மேல் நிற்கின்றன. கூட்டலும் பெருக்கலும் பொய் சொல்லாது. பொய் சொல்லுகிற இடம் அந்த அனுமானமே. அங்கேதான் கணக்குப் போட்டவனுடைய ஊர் வழக்கமும், பணக்காரனுடைய சவுகரியமும், பரம்பரை மூடப்பழக்கமும் வந்து உட்கார்ந்துகொள்ளுகின்றன. அமெரிக்காவில் நடந்ததையே எடுத்துக்கொள்ளுவோம்.

சிறுநீரகம் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை நேரில் அளப்பது சிரமம். ஆகவே ரத்தத்திலுள்ள கிரியேட்டினின் என்கின்ற கழிவுப்பொருளை அளந்து, அதை ஒரு சூத்திரத்தில் போட்டு மதிப்பிடுகிறார்கள். (சூத்திரம் என்கின்ற வார்த்தையைக் கேட்டவுடன் நமது வாசகர்களுக்கு வேறு ஞாபகம் வரலாம். நாம் சொல்லுவது கணக்குச் சூத்திரத்தைத்தான். ஆனாலும் கதை ரொம்ப தூரம் விலகிப் போகவில்லை என்பது சீக்கிரத்தில் தெரியும்.) 1999-ல் வெளிவந்து உலகமெங்கும் பரவிய அந்தச் சூத்திரம் நோயாளியின் ரத்தத்தைக் கேட்டது, வயதைக் கேட்டது, ஆணா பெண்ணா என்று கேட்டது. அத்தோடு நிற்காமல், "நீ கருப்பனா?" என்றும் கேட்டது. ஆம் என்றால் விடையை மேலும் ஒரு எண்ணால் பெருக்கிவிட வேண்டும். 2009-ல் திருத்தி வெளியிட்ட சூத்திரத்தில் அந்த எண் 1.159. அதாவது, கருப்பனுடைய சிறுநீரகம் ரத்தம் காட்டுவதைவிட ஏறக்குறைய 16 சதவிகிதம் நன்றாயிருப்பதாக எழுதிக்கொள்ள வேண்டும்.

நன்றாயிருப்பதாகத்தானே சொல்லுகிறார்கள், இதில் என்ன கெடுதி என்று சிலர் நினைக்கலாம். அமெரிக்காவில் மாற்றுச் சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர் வரிசை ஒன்று இருக்கிறது. டயாலிசிஸ் ஆரம்பிக்கும் முன்பே அவ்வரிசையில் காலம் சேர ஆரம்பிக்க வேண்டுமானால், அந்த மதிப்பு 20 அல்லது அதற்குக் கீழே வந்திருக்க வேண்டும். ஒரே வயதுடைய இரண்டு பேர், இருவருக்கும் ஒரே ரத்த அளவு, சூத்திரம் இருவருக்கும் 18 என்று காட்டுகிறதென்று வைத்துக்கொள்ளுவோம். வெள்ளையனுக்கு 18 என்றால் 18. அவன் வரிசைக்குள் போய்விட்டான். கருப்பனுக்கு 18-ஐ 1.159-ஆல் பெருக்கி 20.86; அவன் வாசலுக்கு வெளியே. கோயில் வாசலில் நிறுத்துவதற்காவது ஒரு ஆள் வேண்டியிருந்தது. இங்கே ஒரு தசமப்புள்ளியே அந்த வேலையைச் செய்துவிட்டது. வெளியே நின்றவனுக்குத் தான் நிறுத்தப்பட்டிருப்பதே தெரியாது.

இச்சூத்திரத்தைக் கண்டவர்கள் கெட்ட எண்ணத்தோடு செய்தார்கள் என்று நாம் சொல்லவரவில்லை. அவர்கள் சோதித்துப் பார்த்த கூட்டத்தில், ஒரே அளவு சிறுநீரக சக்தியுள்ளவர்களில் கருப்பர் ரத்தத்தில் அக்கழிவு சராசரியாக அதிகமிருக்கக் கண்டார்கள். கருப்பருக்குத் தசை அதிகம் என்று ஒரு காரணமும் சொல்லப்பட்டது. தசைதான் காரணமென்றால் தசையையல்லவா அளந்திருக்க வேண்டும்? ஒரு வெள்ளைக்காரப் பயில்வானுக்குப் பெருக்கல் இல்லை. எலும்பும் தோலுமாய்க் கிடக்கும் ஒரு கருப்புக் கிழவிக்குப் பெருக்கல் உண்டு என்றால், இது எந்த ஊர் சயன்ஸ்? தகப்பன் கருப்பு, தாய் வெள்ளை என்றால் எந்த எண்ணால் பெருக்குவது? பாதி எண்ணாலா? சூத்திரத்தில் இதற்கு விடையே கிடையாது. ஆஸ்பத்திரிக் காகிதத்தில் எந்தக் கட்டத்தில் குறி விழுந்ததோ அதுவே அவன் சிறுநீரகத்தின் தலையெழுத்து. ஒரு கூட்டத்தின் சராசரியை எடுத்து, அக்கூட்டத்தில் பிறந்தான் என்கின்ற ஒரே காரணத்துக்காக ஒவ்வொருவன் தலையிலும் சுமத்துவதைத்தான் நாம் ஜாதி என்கிறோம். வேறு எதை ஜாதி என்பது?

இதைவிட வேடிக்கை என்னவென்றால், நிறத்தைக் கேட்காமலேயே சிறுநீரகத்தை மதிப்பிட வழி இல்லாமலும் இல்லை. சிஸ்டாட்டின்-சி என்கின்ற வேறொரு பொருளை ரத்தத்தில் அளந்து மதிப்பிடும் சூத்திரம் 2012-லேயே வந்துவிட்டது. அதற்குச் செலவு கூடுதல். ஆகவே பழைய சூத்திரமே நடந்துவந்தது. மருத்துவக் கல்லூரி மாணவர்கள் எழுந்து, "இதை ஏன் பெருக்குகிறோம்?" என்று கேட்க ஆரம்பித்த பிறகே பெரியவர்கள் சங்கடப்பட ஆரம்பித்தார்கள். 2021-ல் அந்நாட்டுச் சிறுநீரக வைத்தியர் சங்கமும் தேசிய சிறுநீரக ஸ்தாபனமும் சேர்ந்து நியமித்த குழு, நிறம் கேட்காத புதுச் சூத்திரத்தைச் சிபாரிசு செய்தது. 2023 முதல், பழைய பெருக்கலால் பின்தள்ளப்பட்ட கருப்பர்களுக்கு இழந்த காலத்தை வரிசையில் திரும்பச் சேர்த்துக் கொடுக்கவேண்டுமென்று எல்லா ஆஸ்பத்திரிகளுக்கும் உத்தரவாயிற்று. 2024-க்குள் 14,000-க்கு மேற்பட்டவர்களுக்கு இப்படிக் காலம் திரும்பக் கிடைத்தது. சராசரி ஆளுக்கு இரண்டு வருஷம். உயிரோடிருந்தவர்களுக்கு! 1999-க்கும் 2021-க்கும் இடையில் வெளியே நின்றபடியே செத்தவர்களுடைய கணக்கை யார் எழுதுவது?

நிற்க. "சரி, நிறத்தைக் கேட்டதுதானே குற்றம்? கேட்காமல் விட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சில நண்பர்கள் சொல்லக்கூடும். ஜாதியைக் கேட்காமலிருந்தால் ஜாதி ஒழிந்துவிடும் என்று நம்மிடம் சொல்லுகிற அதே கனவான்கள்தான் இவர்கள். இவர்களுக்கும் அமெரிக்காவிலேயே பதில் இருக்கிறது. அங்கே பெரிய ஆஸ்பத்திரிகளில், யாருக்கு அதிகப்படியான கவனிப்பு தேவை என்று பொறுக்கி எடுக்க ஒரு கணக்கு முறை உபயோகத்திலிருந்தது. அது நிறத்தைக் கேட்கவே இல்லை. வருங்காலத்தில் யாருக்கு வைத்தியச் செலவு அதிகமாகுமோ அவருக்கே வியாதி அதிகம் என்பது அதன் அனுமானம். கேட்க நியாயமாகத் தோன்றுகிறதல்லவா? 2019-ல் சியாத் ஓபர்மேயர், செந்தில் முல்லைநாதன் முதலிய ஆராய்ச்சியாளர்கள் அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்த்து, 'சயன்ஸ்' பத்திரிகையில் எழுதினார்கள். (முல்லைநாதன் தமிழ்நாட்டுக் கிராமத்தில் பிறந்தவர். இதைக் கேட்டு நம்மவர் பெருமை என்று மார்தட்டப் புறப்பட வேண்டாம். பிறந்த இடம் பார்த்து மதிப்புப் போடுவதன் யோக்கியதையைத்தான் இதுவரை பேசிக்கொண்டிருக்கிறோம்.) அதே அளவு வியாதியுள்ள வெள்ளையரைவிடக் கருப்பருக்கு வருஷத்துக்குச் சுமார் 1,800 டாலர் குறைவாகவே செலவாகியிருந்தது. வியாதி குறைந்ததாலல்ல. வைத்தியம் கிட்டாததால்! ஆஸ்பத்திரிக்குப் போக முடியாதவனைப் பார்த்து, "இவன் ஆஸ்பத்திரிக்கே வரவில்லை, ஆகவே இவன் ஆரோக்கியசாலி" என்று கணக்கு தீர்ப்புச் சொல்லிவிட்டது. பட்டினி கிடப்பவனுடைய மளிகைச் சீட்டைப் பார்த்து, அவனுக்குப் பசி குறைவு என்று சொல்லுவதற்கும் இதற்கும் என்ன பேதம்? இந்தக் கோணலை நிமிர்த்தினால், அதிகக் கவனிப்புக்குத் தேர்ந்தெடுக்கப்படுவோரில் கருப்பர் 17.7 சதவிகிதத்திலிருந்து 46.5 சதவிகிதமாக உயர்வார்கள் என்று அவர்கள் கண்டார்கள். கணக்கு அதேதான், கேட்ட கேள்விதான் தப்பு.

இந்த இடத்தில் நம் நாட்டு ஜோசியர்களும் வைதீகர்களும் குதித்துக்கொண்டு வருவார்கள் என்பது நமக்குத் தெரியும். "பார்த்தீர்களா, உங்கள் சயன்ஸும் பொய்தானே!" என்பார்கள். ஐயா, உங்கள் பஞ்சாங்கத்தின் தப்பை உங்களில் ஒருவர் கண்டுபிடித்து, பத்திரிகையில் எழுதி, ஏமாந்தவனைத் தேடிப்பிடித்து அவன் இழந்த இரண்டு வருஷத்தைத் திருப்பிக் கொடுத்ததாக ஒரே ஒரு சேதி காட்டுங்கள். பிறகு பேசலாம்.

மூன்றாவதாக ஆர்க்கன்சாஸ் மாகாணத்தில் நடந்ததையும் சொல்லிவிடுகிறோம். கை கால் விளங்காதவர்களும் வயோதிகர்களும் தங்கள் வீட்டிலேயே இருப்பதற்காக, படுக்கையிலிருந்து எழுப்பவும் குளிப்பாட்டவும் சாப்பாடு ஊட்டவும் சர்க்கார் செலவில் ஒரு ஆள் வருவதுண்டு. எத்தனை மணி நேரம் என்பதை ஒரு நர்ஸ் நேரில் வந்து பார்த்துத் தன் புத்திக்குத் தோன்றியபடி சொல்லிவந்தார். 2016 முதல், அந்த நர்ஸ் கேள்விகளைக் கேட்டு விடைகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றவேண்டியது, சர்வகலாசாலை ஆராய்ச்சியில் பிறந்த ஒரு கணக்கு முறை மணி நேரத்தைத் தீர்மானிக்கவேண்டியது என்று ஆயிற்று. வாரத்துக்கு 56 மணி நேரம் பெற்றுவந்த ஒருவருக்கு 32 ஆகிவிட்டது. அவருடைய கைகால் ஒன்றும் திடீரென்று விளங்கிவிடவில்லை. ஏன் குறைந்தது என்று கேட்டவர்களுக்கு, கம்ப்யூட்டர் சொல்லிவிட்டது என்பதே விடை. பாதத்தில் ஏதாவது உபத்திரவம் உண்டா என்று ஒரு கேள்வி. கால் வெட்டி எடுக்கப்பட்ட ஒருவருக்கு, உபத்திரவம் இல்லை என்று பதிவாயிற்று. பாதமே இல்லாதவனுக்குப் பாதத்தில் வலி ஏது! கோர்ட்டுக்குப் போன பிறகல்லவா, பெருமூளை வாதம் என்கின்ற வியாதியையே கம்ப்யூட்டரில் சரியாக எழுதாமல் விட்டிருந்ததும், அதனால் நூற்றுக்கணக்கானவர்களுடைய கணக்குத் தப்பாய்ப் போனதும், தப்புகள் பெரும்பாலும் நேரத்தைக் குறைக்கும் பக்கமாகவே இருந்ததும் வெளிவந்தது! 2018-ல் கோர்ட்டு அந்த முறையைத் தள்ளிவிட்டது.

இம்மாதிரிக் கணக்கை ஆதரிப்போர், இருப்பதை எல்லாருக்கும் நியாயமாகப் பங்கு போடுவதற்கே இது ஏற்பட்டது என்கிறார்கள். இருக்கலாம். பங்கு போடுவதற்குக் கணக்கு வேண்டியதுதான். ஆனால் பானையில் எத்தனை படி அரிசி போடுவது என்பதைத் தீர்மானித்தது கணக்கா, அல்லது மந்திரிகளா? அரிசியைக் குறைத்தவர்கள் கரண்டி பிடித்தவனைக் காட்டிவிட்டு மறைந்துகொள்ளுகிறார்கள். கரண்டி பிடித்தவர் சர்வகலாசாலைப் பட்டம் பெற்றவராயிருப்பதால் பந்தியிலிருப்பவன் வாயைத் திறப்பதில்லை. தாம் எதற்குத் திரையாய் உபயோகப்படுத்தப்படுகிறோம் என்பதை அந்தப் பேராசிரியர்கள் அறியாதவர்கள் என்று நாம் நம்பவேண்டுமா?

நாம் கேட்பது பெரிய விஷயமொன்றுமில்லை. எந்த அனுமானத்தின் மேல் கணக்கு நிற்கிறது என்பதைப் பாமர ஜனங்களுக்குப் புரியும் பாஷையில், அமலுக்குக் கொண்டுவரும் முன்பே அச்சிட்டு வெளியிடட்டும். ஒருவனுக்கு உதவியைக் குறைத்தால், அவனுடைய எந்த விடையால் எவ்வளவு குறைந்தது என்பதைக் காகிதத்தில் எழுதி அவன் கையில் கொடுக்கட்டும். கணக்குப் போடும் அறையில் அந்த வியாதியஸ்தர்களில் சிலரும் நாற்காலி போட்டு உட்காரட்டும். கால் இல்லாத ஒருவன் அங்கே உட்கார்ந்திருந்தால், பாதத்தைப் பற்றிய அந்தக் கேள்வியை முதல் நாளே அடித்திருப்பான். இதற்குக் கணிதப் பட்டம் தேவையில்லை.

இதெல்லாம் செய்தால் காலதாமதமாகும் என்று சொல்லுவார்கள். ஆர்க்கன்சாஸில் 2016-ல் குறைத்த நேரத்தைப்பற்றிய வழக்கு 2018 வரை நடந்தது. அந்த இரண்டு வருஷமும் படுக்கையிலேயே கிடந்தவர்களைக் கேட்டுவிட்டு எது தாமதம் என்று சொல்லட்டும்.