மூன்றாண்டு போதாது

பல்வலி தாங்காமல் மருத்துவரிடம் ஓடுகிறவர், வலி தீர்ந்ததும் ரசீதை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வீடு திரும்பிவிடுகிறார். எந்தப் பல்லில் என்ன செய்யப்பட்டது, எடுத்த எக்ஸ்ரே எங்கே இருக்கிறது என்றெல்லாம் அவர் கேட்பதில்லை. சில ஆண்டுகள் கழித்து அதே பல்லின் அடியில் சீழ் கட்டி, வேறோர் ஊரில் வேறொரு மருத்துவர் முன் வாயைத் திறக்கும்போதுதான் பழைய பதிவேட்டின் அருமை புரிகிறது.

இதற்கு நாட்டில் விதியே இல்லை என்று சொல்லிவிட முடியாது. இந்தியப் பல் மருத்துவ கவுன்சில் 2014-இல் வெளியிட்ட திருத்திய நெறிமுறைகள், ஒவ்வொரு பல் மருத்துவரும் தம்மிடம் வரும் நோயாளிகளின் பதிவேடுகளைப் பராமரிக்க வேண்டும் என்றும், சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து குறைந்தது மூன்று ஆண்டுகள் அவற்றைப் பாதுகாக்க வேண்டும் என்றும் கூறுகின்றன. நோயாளியோ சட்டப்படி உரிமை பெற்றவர்களோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். பொது மருத்துவர்களுக்கான 2002-ஆம் ஆண்டு விதிகள் உள்நோயாளிகளின் பதிவேடுகளை மட்டுமே மூன்றாண்டு காக்கச் சொல்கின்றன. பல் மருத்துவ விதியோ புறநோயாளிகளையும் சேர்த்துக்கொண்டது. பல் மருத்துவரிடம் செல்வோரில் ஏறத்தாழ அனைவருமே புறநோயாளிகள் என்பதால் இது பாராட்டத்தக்க முன்னேற்றம்.

ஆனால், விதியில் ஓர் அடிப்படைக் கோளாறு இருக்கிறது. மூன்றாண்டுக் கணக்கு சிகிச்சை முடிந்த நாளிலிருந்து அல்ல, தொடங்கிய நாளிலிருந்து ஓடுகிறது. பல் வரிசையைச் சீராக்கக் கம்பி கட்டும் சிகிச்சை இரண்டு ஆண்டு வரை, சிலருக்கு அதற்கு மேலும் நீடிக்கும். அப்படியானால் கம்பியைக் கழற்றிய ஓராண்டுக்குள்ளாகவே பதிவேட்டைக் குப்பையில் போடும் உரிமை மருத்துவருக்குக் கிடைத்துவிடுகிறது. தாடை எலும்பில் பொருத்தப்படும் செயற்கைப் பல்வேர் பத்தாண்டுக்கும் மேல் இருக்க வேண்டியது. அது எந்த வகை, என்ன அளவு என்ற குறிப்பு மட்டும் மூன்றே ஆண்டில் மறைந்துபோகலாம் என்பது என்ன நியாயம்?

நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தோடு வைத்துப் பார்த்தால் முரண்பாடு இன்னும் தெளிவாகும். மருத்துவ சேவையும் அச்சட்டத்தின் வரம்புக்குள் வரும் என்று உச்ச நீதிமன்றம் 1995-இல் தீர்ப்பளித்தது. 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வழக்குக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் புகார் தர வேண்டும். பாதிப்பு உடனே வெளிப்படாத நேர்வுகளில், நோயாளி அதை அறிந்த நாளிலிருந்து காலக்கெடுவைக் கணக்கிடலாம் என்று 2010-இல் உச்ச நீதிமன்றம் விளக்கியது. வேர் சிகிச்சையின்போது உள்ளே உடைந்து தங்கிய கருவித் துண்டு நான்காண்டு கழித்து எக்ஸ்ரேயில் தெரிந்தால், வழக்குத் தொடர வழி இருக்கக்கூடும். ஆனால், நிரூபிக்கப் பதிவேடு இருக்காது. ஒரு சட்டம் திறந்துவைத்த கதவை இன்னொரு விதி சாத்திவிடுகிறது.

பதிவேடு நோயாளிக்கு மட்டுமே அரண் என்று நினைப்பதும் தவறு. பதிவேட்டை முன்வைக்காத மருத்துவருக்கு எதிராகவே நுகர்வோர் ஆணையங்கள் பல வழக்குகளில் முடிவுக்கு வந்துள்ளன. முறையாகச் சிகிச்சை அளித்தவருக்குத் தன் கையெழுத்தைவிடச் சிறந்த சாட்சி வேறில்லை.

பேரிடர்க் காலங்களில் இந்தப் பதிவேடுகளின் பயன் வேறொரு வகையில் வெளிப்படும். உயிரிழந்தோரை அடையாளம் காண இன்டர்போல் ஏற்கும் முதன்மைச் சான்றுகள் மூன்று: கைரேகை, பல் அமைப்பு, மரபணு. 2004 சுனாமியில் தாய்லாந்தில் இறந்த வெளிநாட்டவர் பலர், அவர்கள் நாட்டிலிருந்து வந்த பல் மருத்துவப் பதிவேடுகள் மூலமே அடையாளம் காணப்பட்டனர். 2025 ஜூன் 12-இல் ஆமதாபாதில் 260 பேரைப் பலிகொண்ட விமான விபத்தில் பெரிதும் மரபணுச் சோதனையையே நம்ப வேண்டியிருந்தது. உறவினர்கள் பல நாள் மருத்துவமனை வாசலில் காத்துக் கிடந்தனர். பழைய எக்ஸ்ரே கைவசம் இருக்கும் நாட்டில் அந்தக் காத்திருப்பு சிலருக்கேனும் குறைந்திருக்கும்.

இப்போது புதிய சிக்கல் ஒன்றும் சேர்ந்திருக்கிறது. 2023-ஆம் ஆண்டின் எண்ம தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. அதன் முக்கியக் கடமைகள் 2027 மே மாதத்தில் நடைமுறைக்கு வரும் வகையில் 18 மாத அவகாசம் தரப்பட்டது. தரவைப் பாதுகாக்கத் தவறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க அச்சட்டம் இடமளிக்கிறது. நோக்கம் நிறைவேறியதும், வேறு சட்டம் வைத்திருக்கச் சொல்லாத வரை, தரவை அழித்துவிட வேண்டும் என்பதும் அதன் கோட்பாடு. ஆக, வேறு விதி இல்லாத நிலையில், 'குறைந்தது மூன்றாண்டு' என்பது நடைமுறையில் 'மூன்றாண்டு மட்டும்' என்றாகிவிடும் அபாயம் இருக்கிறது. அபராதத்துக்கு அஞ்சும் மருத்துவர் அழிப்பதையே பாதுகாப்பு என்று கருதக்கூடும்.

இரண்டு நாற்காலி போட்டுத் தொழில் நடத்தும் சிறு மருத்துவர்மீது இது சுமையாகாதா என்ற கேள்வி நியாயமானதே. அலமாரி நிறையக் காகிதம் சேர்க்கச் சொன்ன காலத்தில் அந்த வாதத்துக்கு வலு இருந்தது. இன்று எக்ஸ்ரே படமே கணினிக் கோப்பாகத்தான் உருவாகிறது. அதன் பிரதியையும் சிகிச்சைச் சுருக்கத்தையும் அன்றே நோயாளியிடம் கொடுத்துவிட்டால் பாதிச் சுமை இறங்கிவிடும்.

1948-ஆம் ஆண்டின் பல் மருத்துவர்கள் சட்டத்துக்கு மாற்றாக தேசியப் பல் மருத்துவ ஆணையச் சட்டத்தை 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றியது. நெறிமுறைக்கென்றே தனி வாரியத்துக்கு அதில் வழிசெய்யப்பட்டுள்ளது. அந்த வாரியத்தின் விதிகளில் மூன்று திருத்தங்கள் இடம்பெற வேண்டும். காலக்கணக்கு சிகிச்சை முடிந்த நாளிலிருந்து தொடங்க வேண்டும். சிறார்களின் பதிவேடுகள் அவர்கள் வயதுக்கு வந்து சில ஆண்டுகள் வரையிலும், உடலில் நிலையாகப் பொருத்தப்படும் கருவிகளின் விவரம் அதற்கும் மேலாகவும் காக்கப்பட வேண்டும். மருத்துவமனை மூடப்பட்டாலோ கைமாறினாலோ பதிவேடு யார் பொறுப்பு என்பது தெளிவாக எழுதப்பட வேண்டும்.

பல் ஒருவருடைய ஆயுளுக்கும் கூட வருவது. அதன் வரலாறு மூன்றாண்டில் முடிந்துவிடும் என்று விதி எழுதி வைத்திருப்பது நோயாளிக்கும் நீதிக்கும் இழைக்கும் அநீதி.