வலிமிகா இடம்

உயர்தர வகுப்பு மாணவர் கல்லூரியை விட்டு நீங்குமுன் தமக்குட் கூடிச் சிரிக்கும் சிரிப்பைப் பற்றி இவ்விழா மலரில் எழுதத் துணிந்தேன். கல்லூரியின் தோற்றம், வளர்ச்சி, அதிபர்களின் தொண்டு, பரீட்சைப் பெறுபேறுகள், விளையாட்டுத் துறையில் ஈட்டிய வெற்றிகள் என்பன பற்றி எழுதுதற்கு என்னினும் தகுதியுடையோர் பலர் உளர். ஆயினும், பழைய மாணவர் இருவர் உலகின் எந்த மூலையிற் சந்திப்பினும், அவர்கள் முதற்கண் நினைவுகூர்வது பரிசளிப்பு விழாவை அன்று. யார் யாருக்கு என்ன பட்டப்பெயர் வைத்தார், அதற்காக யார் வாங்கின் மேல் ஏறி நின்றார் என்பதையே. ஆதலின் இதுவும் கல்லூரி வரலாற்றின் ஒரு பகுதியே என்று கொள்ளுதல் தகும்.

யான் மாணவனாயிருந்த காலத்தில் எமக்கு இலக்கணம் கற்பித்த ஆசிரியர் பிரம்பும் கையுமாகவே வகுப்பிற்கு வருவார். வல்லெழுத்து மிகும் இடங்களை அவர் கற்பித்த வாரத்திலேயே அவருக்கு ‘வலிமிகுமிடம்’ என்ற பெயர் நிலைத்துவிட்டது. அவர் ஓய்வு பெற்றபோது நடைபெற்ற பாராட்டு விழாவிலே, தம் பதிலுரையில் அப்பெயரைத் தாமே எடுத்துரைத்து, “இப்பெயரை வைத்தவன் யாரென்று அறியேன். ஆனால் அவன் இலக்கணத்தை நன்கு விளங்கியவன். அறிந்திருந்தால் ஐந்து புள்ளி கூட்டிப் போட்டிருப்பேன்” என்றார். மண்டபம் அதிர்ந்தது. பின்னர் யான் ஆசிரிய கலாசாலையிற் பயின்று, பயிற்றப்பட்ட ஆசிரியனாய் இதே கல்லூரிக்கு வந்தேன். பிரம்பெடுக்கும் வழக்கம் எனக்கில்லை. ஓராண்டிற்குள் ‘வலிமிகாவிடம்’ என்ற பெயர் எனக்குக் கிடைத்தது. யான் பெற்ற சான்றிதழ்களுள் அதனையும் ஒன்றாகவே மதித்து வருகின்றேன்.

இத்தகைய நகைச்சுவை முழுவதும் திரண்டு வெளிப்படுவது பிரியாவிடைக் காலத்திலேயாம். வெள்ளைச் சட்டையின் முதுகிலே நண்பர் யாவரும் கையெழுத்திடுதல், நினைவேட்டிலே “என்னை மறந்தாலும் எனக்குத் தரவேண்டிய கொப்பியை மறவாதே” என்றாற்போல எழுதுதல், ஆசிரியர்களின் நடையையும் பேச்சையும் நடித்துக் காட்டுதல், வகுப்புத் தோழர் ஒவ்வொருவருக்கும் பொய்யாகப் பட்டமளித்தல் முதலியன அக்காலத்துக்குரிய சடங்குகள். இராப்போசன விருந்தன்று அதிபரும் ஆசிரியரும் முன்வரிசையில் அமர்ந்திருக்க, ஏழெட்டாண்டுகளாக அடக்கி வைத்த பகிடிகள் எல்லாம் மேடையேறும்.

இவற்றையெல்லாம் நிறுத்திவிடல் வேண்டும் என்று கூறுவோர் இன்று நம்மிடையே உளர். அவர்கள் கூற்றிலே நியாயம் இல்லாமலில்லை. முன்னாளில் மண்டபத்திற் சொல்லிய பகிடி மண்டபத்துடனேயே கரைந்து போயிற்று. இன்றோ ஒவ்வொரு மாணவன் கையிலும் கைத்தொலைபேசி இருக்கின்றது. ஓர் இரவிலே ஐந்நூறு பேர் கேட்டுச் சிரித்த சொல், மறுநாட் காலையிலே கடல் கடந்து, முன்பின் அறியாதாரும் பார்த்துச் சிரிக்கும் காட்சியாகி விடுகின்றது. அழித்தாலும் அழியாத அக்காட்சியினால் ஒரு பிள்ளை வாடுமாயின், அதற்கு யார் பொறுப்பேற்பது என அவர்கள் வினவுகின்றனர். எனினும், நிறுத்திவிடுதல் இதற்கு மருந்தாகாது என்பதே என் கருத்து. அக்கருத்தை உரைக்குமுன் என் பிழையொன்றை உரைத்தல் முறையாகும்.

1995 ஆம் ஆண்டு ஒக்டோபர் 30 ஆம் நாள், வலிகாமத்து மக்கள் யாவரும் ஓரிரவில் வீடுவாசலை விட்டு, செம்மணி வெளியையும் நாவற்குழிப் பாலத்தையும் கடந்து தென்மராட்சிக்குச் சென்ற செய்தியை இம்மலரைப் படிப்போர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. அன்று எமக்குப் பதினைந்து வயது. 1996 ஆம் ஆண்டிலே ஊர் திரும்பிக் கல்லூரிக்கு வந்தபொழுது எம் வகுப்பிற் பாதியளவினரே மீண்டிருந்தனர். வன்னிக்குச் சென்றோரும், இந்தியாவுக்குச் சென்றோரும், எங்குச் சென்றார் என்று தெரியாதோருமாக ஏனையோர் சிதறிப் போயினர். மீண்டு வந்தவர்களுள் ஒருவன், நிவாரணமாய்க் கிடைத்த முரட்டுத் துணியிலே தைத்த, தோள் இறங்கிய சட்டையொன்றை அணிந்து வந்தான். அன்றே அவனுக்கு ‘நிவாரணம்’ என்று பெயரிட்டோம். பெயரிட்டவன் யானே.

1999 ஆம் ஆண்டு எம் பிரியாவிடையிலே, நண்பர் ஒவ்வொருவர் மீதும் வேடிக்கைச் செய்யுள் இயற்றிப் படிக்கும் பொறுப்பு என்னிடம் விடப்பட்டது. எதுகையும் மோனையும் அப்பொழுது எனக்கு எளிதில் வரும். அவனைப் பற்றிய செய்யுளுக்கே அன்று மிகுந்த கைதட்டல் கிடைத்தது. அவனும் எல்லாருடனும் சேர்ந்து சிரித்தான். அச்சிரிப்பை அவனுடைய சம்மதமாகக் கொண்டு, மகிழ்ச்சியோடு வீடு சென்றேன்.

2018 ஆம் ஆண்டு நல்லூர்த் திருவிழாக் காலத்தில், வெளிநாட்டிலிருந்து குடும்பத்துடன் வந்திருந்த அவனை வீதியிலே சந்தித்தேன். தழுவிக்கொண்டோம். அவனுடைய மகன், பத்து வயதுச் சிறுவன், தந்தையின் தோழனைக் கண்ட மகிழ்ச்சியிலே, “பள்ளிக்கூடத்திலை அப்பாவுக்கு என்ன பட்டப்பெயர், மாமா?” என்று என்னைக் கேட்டான். எனக்கு வாய் எழவில்லை. நண்பன் முந்திக்கொண்டு, “அப்பாவுக்கு ஒரு பெயரும் இல்லை” என்றான். சிறுவன் கச்சான் வாங்கச் சென்றபின், கோபம் சிறிதுமின்றி அவன் கூறிய சொற்களை அப்படியே தருகின்றேன்: “அண்டைக்கு நானும் சிரிச்சனான் மச்சான். சிரிக்காட்டி நீங்கள் விடமாட்டியள். ஆனால் அது அம்மா குப்பி விளக்கிலை இருந்து தைச்ச சட்டை.”

ஆண்டுதோறும் யான் வகுப்பிலே கற்பிக்கும் பாடமொன்று அன்றுதான் எனக்கு விளங்கிற்று. தொல்காப்பியர் மெய்ப்பாட்டியலில் நகை பிறக்கும் நிலைக்களன்களாக எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கனையும் கூறுவர். அவற்றுள் எள்ளலை உரையாசிரியராகிய பேராசிரியர் இரு வகைப்படுத்துவர். தான் பிறரை எள்ளி நகுதல் ஒன்று. பிறர் தன்னை எள்ளியவிடத்துத் தான் நகுதல் மற்றொன்று. இவ்விரண்டாவது வகையைப் பரீட்சைக்கு மனனஞ் செய்தோமேயன்றி, அதன் உள்ளே என்ன இருக்கக்கூடும் என்று எண்ணிப் பார்த்தோமில்லை. தன் கையெழுத்தைத் தானே நையாண்டி செய்பவனின் சிரிப்பும், வேறு வழியின்றித் தன்னை மறைத்துக்கொள்பவனின் சிரிப்பும் கேட்போர் செவிக்கு ஒன்றாகவே ஒலிக்கும். மெய்ப்பாடு எட்டனையும் நிரலே கூறுமிடத்து நகையை அடுத்து அழுகையும், அழுகையை அடுத்து இளிவரலும் நிற்றலை நோக்குக. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இறங்கும் படி மிகத் தாழ்ந்தது.

அப்படியாயின் நிறுத்திவிடலாமே எனில், அன்று. பதினெட்டு, பத்தொன்பது வயது இளைஞன் தன் தோழனிடம், “உன்னைப் பிரிய என்னால் இயலவில்லை” என்று வாய்விட்டுக் கூறமாட்டான். அவ்வாறு கூறுதற்கு நம் வீடுகளும் அவனைப் பழக்கவில்லை. அதற்குப் பதிலாக அவன் தோழனின் நடையை நடித்துக் காட்டுவான். ஏழாண்டுகள் ஒருவனைக் கூர்ந்து நோக்கினாலன்றி அவனுடைய நடை பிறனுக்கு வாராது. நன்றாக நடித்துக் காட்டுதல் நன்றாக அன்பு செய்ததற்குச் சான்றாகும். கே. எஸ். பாலச்சந்திரன் தனிநடிப்பாக வழங்கிய ‘அண்ணை றைட்’ இன்றும் நம்மவர் நெஞ்சில் நிற்பதன் காரணமும் இதுவே. பேருந்து நடத்துநரின் குரலையும் அவசரத்தையும் நன்கு கவனித்த ஒருவர் நடித்தது அது; அதைக் கேட்டோர் நடத்துநரை இகழக் கற்றுக்கொண்டாரல்லர். மேலும், ஆசிரியர் முன்னிலையில் நடைபெறும் நகைச்சுவையை நிறுத்தினால், அஃது ஆசிரியர் இல்லாத இடத்தில் நடைபெறும். மண்டபத்திலே திருத்தத்தக்கதாய் இருந்தது, ‘வட்ஸ்அப்’ குழுக்களிலே திருத்துவாரின்றி வளரும்.

இது பொழுதுபோக்கு நிகழ்ச்சியொன்றைப் பற்றிய சிறு விடயமன்று. நாட்டிலே பல்கலைக்கழகப் பகிடிவதை பல உயிர்களையும் பலருடைய படிப்பையும் பலிகொண்டபின், அதனைத் தடைசெய்ய 1998 ஆம் ஆண்டின் 20 ஆம் இலக்கச் சட்டம் இயற்றப்பட்டது. சட்டம் இருந்தும் வதை முற்றாக ஒழிந்ததில்லை. ‘பகிடிவதை’ என்னும் சொல்லையே நோக்குக. பகிடியும் வதையும் ஒரு சொல்லாய் ஒட்டிக்கொள்ளும் அளவுக்கு நாம் அவற்றை அருகருகே வைத்துவிட்டோம். நம் மாணவன் பல்கலைக்கழக வாயிலில் நுழைந்த அன்று திடீரெனக் கொடியவன் ஆகின்றானில்லை. சிரிப்பதற்கு ஒருவன் பலியாக வேண்டும் என்ற பாடத்தை அவன் அதற்குமுன் எங்கோ கற்றிருத்தல் வேண்டும். எளியவனைக் குறிவைத்துப் படித்த செய்யுளுக்கு முன்வரிசையிலிருந்து யாம் கைதட்டுவோமாயின், அப்பாடத்தைக் கற்பித்தவர் யாமே ஆவோம்.

ஆதலின், பிரியாவிடை நிகழ்ச்சிக்குப் பொறுப்பாயிருக்கும் மாணவர் என்னிடம் ஆலோசனை கேட்டு வரும்போது, சில ஆண்டுகளாக ஒன்றையே கூறி வருகின்றேன். “நீங்கள் எழுதியதைத் திருத்த மாட்டேன். யாரைப் பற்றி எழுதினீர்களோ, அவனுடைய தாயார் முன்வரிசையில் வந்து அமர்ந்திருப்பதாக நினைத்துக்கொண்டு, உரக்க ஒருமுறை படியுங்கள்.” அவ்வளவே. ஒருவனுடைய பிந்திவரும் வழக்கம், பந்தடிக்கும் திறமின்மை, எல்லாக் கேள்விக்கும் முதலிற் கையுயர்த்திப் பிழையாக விடை கூறும் உற்சாகம் என்பன அச்சோதனையில் இனிதே தேறிவிடும்; தாயாரும் சேர்ந்து சிரிப்பார். வறுமை, உடற்குறை, நிறம், சாதி, வீட்டு நிலை, திக்குவாய் என்பன தேறமாட்டா. படித்துப் பார்த்த பிள்ளைகள் தாமாகவே சில வரிகளை அடித்துவிட்டுப் போவதைக் கண்டிருக்கின்றேன். ஒருமுறை, அடிக்கப்பட்ட வரிகளுக்கு ஈடாக என் மீதே இரண்டு செய்யுள் கூடுதலாக எழுதி வந்தனர். அவையும் அரங்கேறின. என் தலை மயிர் உதிர்வதற்குத் ‘தொகுத்தல் விகாரம்’ என்று பெயரிட்டவனுக்கு ஐந்து புள்ளி கூட்டிப் போட எனக்கு மனம் வந்ததுண்டு.

இன்னும் ஒரு வேண்டுகோள். பிரியாவிடை என்பது இறுதிவரை வகுப்பிலிருந்தோர்க்கே இதுகாறும் உரியதாயிருந்து வருகின்றது. எம் தலைமுறையில் விடைபெறாமலே சென்றோர் பலர். இன்றும் க.பொ.த. சாதாரண தரத்துடன் தொழிலுக்குச் சென்றோர், குடும்பத்துடன் கடல் கடந்தோர், நோயினால் நின்றோர் உளர். எனவே, ஒவ்வொரு பிரியாவிடையிலும், ஆறாம் ஆண்டு முதல் அவ்வகுப்பில் ஒருநாளாயினும் அமர்ந்த அனைவருடைய பெயரையும் பழைய இடாப்பிலிருந்து எடுத்து ஒருமுறை கூப்பிடுவோமாக. வந்தவன் எழுந்து “உள்ளேன் ஐயா” என்பான். வராதவனுக்காக அவன் பக்கத்து வாங்கிலிருந்த தோழன் எழுந்து, அவனைப் பற்றி அனைவரும் சிரிக்கத்தக்க ஒரு நினைவைச் சொல்லட்டும். அத்தகைய சிரிப்பிலே கண்ணீர் கலந்திருப்பினும் குற்றமில்லை.

இவ்விழாவை ஒட்டிக் கூடவிருக்கும் எம் வகுப்பினர்க்கும் அவ்வாறே ஓர் இடாப்பு ஆயத்தஞ் செய்துள்ளேன். நண்பனும் வருவதாக எழுதியிருக்கின்றான். அவன் பெயருக்கு எதிரே யான் சொல்ல வைத்திருக்கும் நினைவு வேறொன்று. தென்மராட்சியிலிருந்து திரும்பி வந்த முதல் வாரத்தில், கூரை ஒழுகிய வகுப்பறையிலே மழைநீர் என் கொப்பியில் விழுந்தபோது, “உன்ரை கட்டுரையை வாசிச்சு வானமே அழுகுது” என்று கூறி, எங்கள் அனைவரையும் பல மாதங்களுக்குப் பின் முதன்முதலாக வாய்விட்டுச் சிரிக்க வைத்தவன் அவனே. அவனுக்கு யாம் வைத்திருக்க வேண்டிய பெயர் அந்நிகழ்ச்சியிலிருந்து பிறந்திருத்தல் வேண்டும். இருபதாண்டுகளுக்கு மேலாகப் பிந்திவிட்டது. எனினும், அவன் மகனும் உடன் வருவானாதலின், அன்று அப்பெயரைச் சூட்டுவோம்.

விடைபெற்றுச் செல்லும் மாணவர்காள்! வயிறு குலுங்கச் சிரியுங்கள். எம்மையும் விட்டுவைக்க வேண்டா. நீங்கள் விட்டுச் செல்லும் சிரிப்பு ஒவ்வொன்றும், முப்பது ஆண்டுகளின் பின் உங்கள் பிள்ளைகள் கேட்க, தயங்காது எடுத்துச் சொல்லத்தக்கதாய் அமையட்டும்.