மந்திரவாதியின் உயிரும் அதியமானின் நெல்லிக்கனியும்

விடுமுறைக்குப் பெங்களூரிலிருந்து மகளும் பேரனும் வந்திருக்கிறார்கள். போன ஞாயிறு கூடத்தில் தாளும் பகடையுமாக உட்கார்ந்திருந்த பேரன், "தாத்தா, ஒரு மந்திரவாதியோட உயிரை எங்க ஒளிச்சு வைக்கலாம், சொல்லுங்க" என்றான்.

'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்று ஒரு விளையாட்டாம். 1974-இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்ன்சன் என்ற இருவர் உண்டாக்கியது. ஒருவர் கதையை நடத்த, மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகிப் பகடை உருட்டுகிறார்கள். அதில் 'லிச்' என்றொரு மந்திரவாதி. சாவுக்குப் பயந்து உயிரை ஒரு பெட்டியில் வைத்து மறைத்துவிடுவான். உடம்பை வெட்டினாலும் பத்து நாளுக்குள் புது உடம்போடு எழுந்துவிடுவான்.

"இது நம்ம கதைடா" என்றேன். ஏழு கடல் தாண்டிக் கிளிக்குள் உயிரை வைத்த மந்திரவாதியை அறியாத பாட்டி உண்டா? 1942-இல் ஜெமினி வாசன் எடுத்த தெலுங்கு 'பால நாகம்மா'விலும் அதே கிளிதான்.

"கிளின்னா எல்லாரும் கண்டுபிடிச்சிடுவாங்க தாத்தா."

"அப்படின்னா ஒரு ஆபீஸ் ரிக்கார்டு ரூம்ல, தப்பான நம்பர் போட்டுப் பழைய கட்டுக்குள்ள வை. ஒருத்தனும் எடுக்க முடியாது. ஆனா எல்.டிஸ். கட்டுல வெச்சிடாதே, வருஷம் முடிஞ்சா அழிச்சிடுவாங்க." குமாஸ்தா புத்தி எங்கே போகும்!

அந்தப் பெட்டிக்குப் 'பைலாக்டரி' என்று பெயர். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். அங்கே அது 'ஃபிலாக்டேர்'. யூதர்கள் தொழும்போது நெற்றியிலும் கையிலும் கட்டிக்கொள்ளும் தோல்பெட்டி. கிரேக்க மூலத்தில் 'காப்பு' என்று பொருள். நம் தாயத்து போலத்தான். ஆனால் விளையாட்டில் வரும் பெட்டிக்கு அவ்வப்போது பிறர் உயிரை இரை போட வேண்டுமாம். அதைக் கேட்டதும் எனக்கு நம் ஊர்க்காரர் நினைவு வந்தது.

நெடுமான் அஞ்சிக்கும் ஏறுவதற்கரிய மலையிலிருந்து நீண்ட ஆயுள் தரும் நெல்லிக்கனி கிடைத்தது. அவரும் ஒன்றை மறைத்தார். கனியின் பலனைத் தம் மனத்துக்குள் வைத்துக்கொண்டு, சொல்லாமலே ஔவைக்குக் கொடுத்துவிட்டார். இதை ஔவையே பாடியிருக்கிறார்; புறநானூற்றில் 91-ஆம் பாட்டு. பிறகு பெருஞ்சேரல் இரும்பொறையோடு நடந்த தகடூர்ப் போரில் அதியமான் இறந்தார். அவர் பெயரைத்தான் இன்றும் நம் ஊர்ப் பலகையில் படிக்கிறோம்.

மந்திரவாதியை மட்டும் குறை சொல்வானேன்? எழுபதைத் தாண்டிய நம்மில் பலர் பத்திரத்தையும் டெபாசிட் ரசீதையும் பீரோவில் பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு திரிகிறோம். எது எங்கே என்று பிள்ளைகளிடம் சொல்வதில்லை. சொல்லிவிட்டால் மதிக்கமாட்டார்கள் என்ற பயம். அந்தப் பெட்டிக்கு இரையாவது பிள்ளைகளின் நிம்மதி. நாம் திடீரென்று போய்விட்டால் அவர்கள் எத்தனை அலுவலகப் படி ஏற வேண்டும் என்பது, மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியும். இறப்புச் சான்றிதழோடு வந்து, கணவரின் கணக்கு எண்கூடத் தெரியாமல் நின்ற பெண்களைப் பார்த்திருக்கிறேன்.

கையெழுத்துப் போடும் உரிமை நம்மிடமே இருக்கட்டும். அதை விட்டுவிடச் சொல்லவில்லை. வைத்த இடத்தை மட்டுமாவது சொல்லிவைப்போம்.

அன்றிரவு மகளைக் கூப்பிட்டு உட்காரவைத்தேன். பென்ஷன் புத்தகம், வீட்டுப் பத்திரம், வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். "என்னப்பா, உடம்பு சரியில்லையா?" என்று பதறினாள்.

"நல்லாத்தான் இருக்கேம்மா. அதனாலதான் இப்பவே சொல்றேன்" என்றேன்.