நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவில் யார்?

2024 செப்டம்பர் 10ந் தேதி பிலடெல்பியா நகரில், அமெரிக்க ஜனாதிபதிப் பதவிக்குப் போட்டியிட்ட கமலா ஹாரிஸும் டொனால்டு டிரம்பும் டெலிவிஷனில் நேருக்கு நேர் வாதாடினார்கள். அந்த ஒன்றரை மணி நேரத்தில் மக்களின் வைத்தியச் செலவு பற்றிய பேச்சுக்குச் சில நிமிஷங்களே கிடைத்தன. ஆனால் அதில் வெளிவந்த விஷயத்தை, எந்த நாட்டு உழைப்பாளியும் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

ஒபாமா காலத்து வைத்திய இன்ஷூரன்ஸ் சட்டத்தை ஒழித்து அதைவிட நல்லதைத் தருவேன் என்று ஒன்பது வருஷமாகச் சொல்கிறீர்களே, உங்கள் திட்டம் எங்கே என்று டிரம்பைக் கேட்டார்கள். திட்டத்துக்கான கருத்துக்கள் இருக்கின்றன, நான் இப்போது ஜனாதிபதி அல்லவே என்றார் அவர். உலை கொதிக்கிறது, அரிசி எங்கே என்று கேட்டால், அரிசி வாங்கும் யோசனை இருக்கிறது என்று சொல்வதைப் போல!

அவர் ஒழிக்க நினைக்கும் சட்டம் 2010ல் வந்தது. உனக்குப் பழைய நோய் இருக்கிறது, ஆகவே உனக்கு இன்ஷூரன்ஸ் இல்லை என்று கம்பெனிகள் விரட்டியடித்ததை அது தடுத்தது. ஏழைகளுக்கு சர்க்கார் தரும் மெடிகெய்டு உதவியை விரிவாக்கியது. 2017ல் அதை ரத்துச் செய்ய டிரம்ப் கட்சியார் செய்த முயற்சி, செனட்டில் 49க்கு 51 என்ற ஓட்டில் தோற்றது.

ஹாரிஸ் அந்தச் சட்டத்தைக் காத்து வளர்ப்பேன் என்றார். முதியோருக்கு இன்சுலின் விலையை மாதம் 35 டாலருக்கு மேல் போகாமல் கட்டியதையும், மருந்துக் கம்பெனிகளுடன் சர்க்கார் விலை பேச வழி செய்ததையும் சொல்லிக் காட்டினார். இவை நடந்த காரியங்கள். வயோதிகர்களின் மடியில் காசு மிஞ்சச் செய்தவை. இரண்டு பேரும் ஒன்றுதான் என்று கைவிரிப்பது சோம்பேறி வாதம். அதை நாம் ஏற்க முடியாது.

ஆனால் 2017ல் செனட்டர் பெர்னி சாண்டர்ஸ் ஒரு மசோதா கொண்டுவந்தார். தனியார் இன்ஷூரன்ஸை ஒதுக்கிவிட்டு, எல்லா மக்களின் வைத்தியச் செலவையும் சர்க்காரே ஏற்பது என்பது அதன் சாரம். அதில் கையெழுத்திட்டவர்களில் இதே ஹாரிஸும் ஒருவர். விவாத மேடையில் அதைப் பற்றிக் கேட்டதும், தனியார் இன்ஷூரன்ஸ் இருப்பதை ஆதரிக்கிறேன் என்று சொல்லிவிட்டார். ஒருவர் சுவரை இடிக்கப் பார்க்கிறார், இன்னொருவர் பூசப் பார்க்கிறார். நடுவீட்டில் உட்கார்ந்து வசூல் செய்யும் கம்பெனியை வெளியே போ என்று சொல்ல அங்கே யாருமில்லை.

நமது மில் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. தெரியும். அதில் ஆயிரம் குறை உண்டு. ஆஸ்பத்திரியில் மருந்து இருக்காது, வரிசை நகராது. ஆனாலும் லாபத்துக்காக நடத்தும் கம்பெனி அதை நடத்தவில்லை. அமெரிக்காவிலோ 65 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு முதலாளி மூலமாகத்தான் இன்ஷூரன்ஸ் வருகிறது. வேலை போனால் வைத்தியமும் ஆட்டம் காணும். 2019 செப்டம்பரில் ஜெனரல் மோட்டார்ஸ் தொழிலாளிகள் சுமார் 48,000 பேர் வேலைநிறுத்தம் செய்தபோது, நிர்வாகம் உடனே அவர்களுடைய இன்ஷூரன்ஸுக்குப் பணம் கட்டுவதை நிறுத்தியது. வீட்டில் நோயாளியை வைத்துக்கொண்டு எத்தனை நாள் ஆலை வாசலில் நிற்பார்கள், பார்க்கலாம் என்ற கணக்கு! பலத்த கண்டனம் எழவே, சில நாட்களில் நிர்வாகம் பின்வாங்கியது. வேலைநிறுத்தம் 40 நாள் நீடித்தது.

வேறு வழியே இல்லையா? 1945லேயே ஜனாதிபதி ட்ரூமன், எல்லாருக்கும் பொதுவான இன்ஷூரன்ஸ் வேண்டும் என்றார். சோஷலிசம் வருகிறது என்று அமெரிக்க மருத்துவர் சங்கம் கூக்குரலிட்டு அதைப் புதைத்தது. 1965ல் முதியோருக்கும் ஏழைகளில் ஒரு பகுதியினருக்கும் மட்டும் வழி பிறந்தது. பிரிட்டனில் 1948 ஜூலை 5ந் தேதியே எல்லாருக்கும் இலவச வைத்தியம் தொடங்கியது. அதை நடத்திக் காட்டிய சுகாதார மந்திரி அன்யூரின் பெவன், பதின்மூன்று வயதில் நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கியவர். பிரிட்டன் தலைக்குச் செலவிடுவது அமெரிக்கா செலவிடுவதைவிட வெகு குறைவு. 2023ல் அமெரிக்காவின் வைத்தியச் செலவு 4 லட்சத்து 90 ஆயிரம் கோடி டாலர். அப்படியும் அந்த ஆண்டில் 2 கோடி 60 லட்சம் பேருக்கு எந்த இன்ஷூரன்ஸும் இல்லை!

தேர்தலில் டிரம்ப் ஜெயித்தார். மேடையில் இல்லாத திட்டம் 2025 ஜூலை 4ந் தேதி சட்டமாக வந்தது. மெடிகெய்டு வெட்டப்பட்டது. அந்நாட்டுக் காங்கிரஸின் பட்ஜெட் அலுவலகமே, 2034க்குள் மேலும் 1 கோடிப் பேர் இன்ஷூரன்ஸ் இல்லாமல் போவார்கள் என்று கணக்கிட்டது. உதவி பெறுவோரில் உடல் வலுவுள்ளவர்கள் மாதம் 80 மணி நேரம் வேலை செய்ததை நிரூபிக்க வேண்டுமாம்.

இது புதிய யோசனையல்ல. ஆர்க்கன்ஸாஸ் மாநிலம் 2018ல் இதைச் செய்து பார்த்தது. சில மாதங்களில் 18,000 பேருக்கு மேல் உதவியை இழந்தார்கள். அவர்களில் பலர் உழைத்துக்கொண்டிருந்தவர்கள்தான். உழைத்ததைக் கம்ப்யூட்டரில் பதிவு செய்ய முடியாமல் போனவர்கள். பதிவு செய்யும் இணையதளத்தை இரவு 9 மணிக்கு மூடிவிடுவார்கள். 2019 மார்ச்சில் நீதிமன்றம் அதை நிறுத்தியது. அதே முறையைத்தான் 2027 தொடக்கத்திலிருந்து அமல் செய்யும்படி புதிய சட்டம் மாநிலங்களுக்குச் சொல்கிறது.